மிச்சத்தைத் தள்ளுவதா, விளைச்சலை வாங்குவதா?

2025 மார்ச் 7 அன்று அமெரிக்க வேளாண் துறையிடமிருந்து மாநில அரசுகளுக்கு ஒரு தகவல் போனது. உள்ளூர் விவசாயிகளிடம் காய்கறி, பழம், முட்டை, இறைச்சி வாங்கி உணவு வங்கிகளுக்குக் கொடுப்பதற்காக அறிவித்திருந்த சுமார் 42 கோடி டாலர் இனி வராது என்பதுதான் செய்தி. பள்ளிகளும் குழந்தைகள் காப்பகங்களும் அதேபோல வாங்குவதற்கென அறிவித்திருந்த 66 கோடி டாலரும் கூடவே போயிற்று. இதில் தொகையைவிடத் தேதியைக் கவனிக்க வேண்டும். விஸ்கான்சின், மிச்சிகன் போன்ற வடக்கு மாநிலங்களில் வெங்காய விதையைப் பிப்ரவரியிலேயே தட்டுகளில் தூவி, சூடேற்றிய பசுமைக்குடிலுக்குள் நாற்று விடுகிறார்கள். பனி உருகி மண் இளகிய பிறகுதான் அது வயலுக்குப் போகும். எத்தனை தட்டு விதைப்பது, எத்தனை ஏக்கரில் முட்டைக்கோஸ், அறுவடைக்கு எத்தனை பேர், குளிர்பதன அறைக்குக் கடன் வாங்கலாமா என்பதெல்லாம் குளிர்காலத்திலேயே முடிவாகிவிடும். அரசு வாங்கும் என்று நம்பி இந்த முடிவுகளை எடுத்தவர்களுக்கு, நாற்று முளைத்து நிற்கும் நேரத்தில் 'வாங்கப் போவதில்லை' என்ற பதில் வந்தது.

பசித்தவர்களுக்கு அரசு உணவு கொடுப்பதில் இரண்டு வழிகள் உண்டு. விளைந்து, விலை போகாமல் தேங்கியதை எடுத்து இல்லாதவர்களுக்கு அனுப்புவது ஒன்று. என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும், என்ன விலை என்று விதைப்புக்கு முன்பே பேசி, விளைவதை வாங்கிக் கொடுப்பது மற்றொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டிலும் ஒரு குடும்பத்தின் கையில் ஒரு பை காய்கறி போய்ச் சேருகிறது. ஆனால் முதல் வழியில் பசித்தவரின் தட்டு சந்தையின் தடுமாற்றத்துக்குக் கட்டுப்பட்டது. மிச்சம் இருந்தால்தான் சோறு. இரண்டாவது வழியில் அரசு ஒரு நிலையான வாடிக்கையாளர் ஆகிறது. கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் அமெரிக்க மாநிலங்கள் இரண்டாவது வழியை முயன்று பார்த்தன. அது நடக்கக்கூடியது என்று தெரிந்துவிட்டது. அதற்குக் கொடுத்த பணம் மட்டும் முதல் வழியின் மனப்பான்மையிலேயே, அவசரகால உதவியாக, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தக்கூடியதாகவே கொடுக்கப்பட்டது. குறை அங்கேதான் இருக்கிறது.

இந்த மனப்பான்மைக்கு வயது அதிகம். 1933-இல் விலை வீழ்ச்சியைத் தடுக்க வேண்டுமென்று அமெரிக்க அரசு சுமார் 60 லட்சம் பன்றிகளை வாங்கிக் கொன்றது. ஊரெல்லாம் பட்டினி கிடந்த நேரத்தில் இப்படிச் செய்ததற்கு எழுந்த கொதிப்பில்தான், உபரியை ஏழைகளுக்கு அனுப்பும் கழகம் ஒன்று அதே ஆண்டில் பிறந்தது. 1939 மே மாதம் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் முதல் உணவுக் கூப்பன் வெளியானது. ஒரு டாலருக்கு ஆரஞ்சு நிறக் கூப்பன் வாங்கினால், ஐம்பது சென்ட் மதிப்புள்ள நீலக் கூப்பன் இலவசம். ஆரஞ்சுக் கூப்பனுக்கு எந்த உணவையும் வாங்கலாம். நீலத்துக்கு, உபரி என்று வேளாண் துறை பட்டியலிட்ட பண்டங்களை மட்டுமே வாங்க முடியும். வெண்ணெய், முட்டை, மாவு, பீன்ஸ் போன்றவை அந்தப் பட்டியலில் இருந்தன. போர் வந்து உபரியும் வேலையின்மையும் மறைந்ததும் 1943-இல் திட்டத்தை மூடிவிட்டார்கள். 1981 டிசம்பரில் ரீகன் அரசு கிடங்குகளில் மலைபோல் குவிந்திருந்த பாலாடைக்கட்டியில் 3 கோடி பவுண்டை ஏழைகளுக்குத் திறந்துவிட்டது. 'அரசாங்கச் சீஸ்' என்ற பெயர் ஒரு தலைமுறைக்கே வறுமையின் அடையாளமாக ஒட்டிக்கொண்டது.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. 1954-இல் அதிபர் ஐசனாவர் கையெழுத்திட்ட பொதுச் சட்டம் 480 அமெரிக்க உபரியைக் கடல் கடந்து அனுப்ப வழி செய்தது. 1960களில் நம் பள்ளி மதிய உணவுக்கு 'கேர்' நிறுவனம் வழியாக வந்த பால் பவுடரும் சோள மாவும் சமையல் எண்ணெயும் அந்தக் கிடங்குகளில் தேங்கியவைதான். அதில் பல குழந்தைகள் பசியாறினார்கள் என்பதை மறுக்கக் கூடாது. அதே நேரத்தில், அந்தத் தட்டில் என்ன விழ வேண்டும் என்பதைத் தீர்மானித்தது அயோவாவின் சோள விளைச்சலே தவிர, தஞ்சாவூரின் தேவையோ வயலோ அல்ல என்பதும் உண்மை.

2020 ஏப்ரலில் அமெரிக்கா மறுபடியும் 1933-ஐப் பார்த்தது. பள்ளிகளும் உணவகங்களும் மூடியதால் பால் பண்ணைகள் நாளொன்றுக்கு 1.4 கோடி லிட்டர் அளவுக்குப் பாலைக் கொட்டக்கூடும் என்று அந்த நாட்டின் மிகப் பெரிய பால் கூட்டுறவு அமைப்பே மதிப்பிட்டது. ஃபுளோரிடாவில் முட்டைக்கோஸையும் பீன்ஸையும் டிராக்டர் விட்டு உழுது மண்ணில் புதைத்தார்கள். அதே மாதத்தில் டெக்சஸின் சான் ஆன்டோனியோ நகரில் ஒரு உணவு வங்கி உணவு வழங்கிய இடத்தில் பத்தாயிரம் குடும்பங்கள் கார்களில் வரிசை கட்டின. இதற்கு வாஷிங்டனும் மாநிலங்களும் தந்த பதில்கள் வேறு வேறு. மத்திய அரசு, 'விவசாயியிடமிருந்து குடும்பத்துக்கு' என்ற பெயரில் ஒப்பந்ததாரர்களைப் பிடித்து, 2021 மே மாதம் வரை சுமார் 17.3 கோடி உணவுப் பெட்டிகளை அனுப்பியது. வேகம் இருந்தது, ஒழுங்கு இல்லை. சில பகுதிகளுக்குப் பெட்டிகள் வந்து குவிந்தன, சில பகுதிகளுக்கு எட்டிப்பார்க்கவேயில்லை. திருமணமும் மாநாடும் ஏற்பாடு செய்யும் ஒரு நிறுவனத்துக்குச் சுமார் 3.9 கோடி டாலர் ஒப்பந்தம் போனது அப்போதே நாடு சிரித்த செய்தி. நியூயார்க் மாநிலம் வேறு மாதிரி யோசித்தது. 2.5 கோடி டாலரை உணவு வங்கிகளின் கையில் கொடுத்து, இந்த மாநிலத்தில் விளைந்ததை நீங்களே பேசி வாங்கிக்கொள்ளுங்கள் என்றது. 'நறிஷ் நியூயார்க்' என்ற அந்த ஏற்பாடு 2021 நவம்பரில் மாநிலச் சட்டமானது.

பென்சில்வேனியா இதற்கும் முன்பே ஒரு வழியைக் கண்டிருந்தது. பண்ணையில் மிஞ்சுவதை உணவு வங்கிக்குக் கொடுக்க விவசாயிகள் தயங்குவதில்லை. ஆனால் அதைப் பறிக்கவும் கழுவவும் பெட்டியில் அடைக்கவும் வண்டி ஏற்றவும் ஆகும் செலவை யார் தருவது? அந்தச் செலவை மாநிலம் ஏற்கும் என்ற சட்டம் அங்கே 2010-இல் வந்தது. பணம் ஒதுக்கப்பட்டதோ 2015-இல். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளும் அது வெறும் தாள்தான். சட்டம் இருந்தும் பணம் இல்லாத பென்சில்வேனியாவையும், பணம் இருந்தும் சட்டம் இல்லாததால் 2025-இல் வெட்டுப்பட்ட கூட்டாட்சித் திட்டத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

அந்தக் கூட்டாட்சித் திட்டம் 2021 டிசம்பரில் 40 கோடி டாலருடன் தொடங்கியது. அடுத்த ஆண்டு இன்னொரு தொகை சேர்ந்து மொத்தம் சுமார் 90 கோடியானது. ஏறக்குறைய எல்லா மாநிலங்களும், பல பழங்குடி அரசுகளும் ஒப்பந்தம் போட்டன. அதே மாநிலத்துக்குள்ளோ, போய்ச் சேரும் இடத்திலிருந்து 400 மைலுக்குள்ளோ விளைந்ததாக இருக்க வேண்டும் என்பது விதி. சிறு விவசாயிகள், காலங்காலமாகக் கடனும் சந்தையும் மறுக்கப்பட்ட பிரிவினர் முதலில் கவனிக்கப்பட வேண்டும் என்பதும் நோக்கம். விஸ்கான்சினில் வியட்நாம் போருக்குப் பிறகு லாவோஸிலிருந்து அகதிகளாக வந்த மோங் இனத்தவர் பலர் சில ஏக்கரில் காய்கறி பயிரிடுகிறார்கள். வார இறுதிச் சந்தையில் மழை பெய்தால் அன்றைய வருமானம் போச்சு என்றிருந்தவர்களுக்கு, இத்தனை பெட்டி கீரை இந்த வாரம் நிச்சயம் எடுத்துக்கொள்ளப்படும் என்ற உறுதி முதல் முறையாகக் கிடைத்தது. உணவைப் பெறும் பக்கத்திலும் ஆசியக் குடும்பங்கள் இருந்தன. டப்பா சோளத்தையும் பாஸ்தாவையும் மட்டுமே பார்த்திருந்த அவர்களுக்கு, சமைக்கத் தெரிந்த கீரை உணவு வங்கியிலிருந்து வந்தது.

பழங்குடிகள் விஷயம் இன்னும் ஆழமானது. 1970களிலிருந்து அவர்களின் குடியிருப்புகளுக்கென்றே தனியாக உணவு வழங்கும் திட்டம் ஒன்று நடக்கிறது. வெகுகாலம் அதில் வந்தவை வெள்ளை மாவும் கொழுப்பும் டப்பா இறைச்சியும். நீரிழிவு அந்த மக்களிடையே பரவியதில் இந்தப் பொட்டலங்களுக்கும் பங்கு உண்டு என்று அவர்களே பல காலமாகச் சொல்லிவந்தார்கள். 2018-இன் வேளாண் சட்டம், சில பழங்குடி அரசுகள் தங்கள் பொட்டலத்துக்கான பண்டங்களில் சிலவற்றைத் தாங்களே வாங்கிப் பார்க்க அனுமதித்தது. விஸ்கான்சினின் ஒனைடா, மெனோமினி மக்கள் காட்டெருமை இறைச்சி, ஏரி மீன், ஆப்பிள், காட்டரிசி ஆகியவற்றைப் பழங்குடி உற்பத்தியாளர்களிடமே வாங்கினார்கள். மெனோமினி என்ற பெயருக்கே காட்டரிசி மக்கள் என்று பொருள். அந்த மக்களுக்கு அந்த அரிசி அரசுப் பொட்டலத்தில் வந்து சேர இத்தனை காலம் ஆனதற்கு, வாங்கும் அதிகாரம் வாஷிங்டனில் இருந்ததைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

இப்போது எதிர்வாதங்களுக்கு வருவோம். வலுவானதிலிருந்து தொடங்குவதுதான் முறை. ஏழையிடம் பணத்தையோ உணவு அட்டையையோ கொடுத்துவிடுங்கள், என்ன வாங்குவது என்று அவருக்குத் தெரியாதா என்பது அந்த வாதம். பெரும்பகுதி சரி. 'ஸ்நாப்' என்று அழைக்கப்படும் உணவு அட்டைத் திட்டம் 2024-இல் சுமார் 4.2 கோடிப் பேருக்கு ஏறத்தாழ 10,000 கோடி டாலரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. உள்ளூர்க் கொள்முதலுக்குப் பல ஆண்டுகளில் கிடைத்த 90 கோடியெல்லாம் அதன் பக்கத்தில் நிற்காது. மந்தகாலத்தில் ஸ்நாப்பில் செலவாகும் ஒரு டாலர் பொருளாதாரத்தில் 1.54 டாலராகப் பெருகுகிறது என்று வேளாண் துறையின் ஆய்வாளர்களே கணக்கிட்டிருக்கிறார்கள். ஆகவே அட்டையை வெட்டிவிட்டுக் காய்கறிப் பெட்டி தருகிறோம் என்று யாராவது சொன்னால், அதை ஏற்கவே கூடாது. 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம் ஸ்நாப்பைப் பெருமளவு குறைத்திருக்கும் நிலையில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் அட்டைக்கு ஒரு எல்லை உண்டு. தலைக்கு நாளொன்றுக்கு ஆறு டாலர் சொச்சம் வைத்திருப்பவர் மலிவான மாவுப் பண்டத்தைத்தான் முதலில் எடுப்பார்; வயிறு நிறைய வேண்டுமே. அந்தப் பணமும் பெரும்பாலும் பெரிய கடைச் சங்கிலிகளுக்குப் போகிறது. நுகர்வோர் உணவுக்குத் தரும் ஒரு டாலரில் பண்ணைக்குத் திரும்புவது சுமார் 15 சென்ட்.

அட்டையையும் பண்ணையையும் சேர்த்துக் கட்ட முடியாதா? மாசசூசெட்ஸ் கட்டிக் காட்டியது. அந்த மாநிலத்தின் ஹாம்ப்டன் மாவட்டத்தில் 2011, 2012-இல் ஒரு சோதனை நடந்தது. ஸ்நாப் அட்டையில் காய்கறி, பழத்துக்குச் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் 30 சென்ட் திரும்பக் கிடைக்கும். அந்தச் சலுகை பெற்றவர்கள் மற்றவர்களைவிட 26 சதவீதம் கூடுதலாகக் காய்கறியும் பழமும் சாப்பிட்டார்கள். இதை வைத்து 2017 ஏப்ரலில் மாநிலமே ஒரு திட்டம் தொடங்கியது. உழவர் சந்தைக் கடையில் ஒரு தாய் 20 டாலருக்குத் தக்காளியும் கேரட்டும் எடுக்கிறார். விவசாயி அவருடைய அட்டையைக் கருவியில் தேய்க்கிறார். 20 டாலர் கழிகிறது. அதே நொடியில் 20 டாலர் திரும்ப ஏறுகிறது. ரசீதில் இருப்புத் தொகை மாறாமல் இருக்கிறது, விவசாயிக்கு முழு விலையும் கிடைத்துவிடுகிறது. தொடக்கத்தில், குடும்பத்தின் அளவைப் பொறுத்து மாதம் 40, 60, 80 டாலர் வரை இப்படி வாங்க முடிந்தது. யாரிடமும் கையேந்தும் கூச்சமில்லை, எந்தக் காய் என்று தேர்ந்தெடுப்பதும் அவரே. இதன் வெற்றியே இதற்கு வினையாயிற்று. கணித்ததைவிடப் பல மடங்கு மக்கள் பயன்படுத்த, 2018 ஏப்ரலில் பணம் தீர்ந்து திட்டம் சில வாரங்கள் நின்றது. 2024 டிசம்பரில் எல்லாக் குடும்பங்களுக்கும் உச்சவரம்பு மாதம் 20 டாலராகச் சுருங்கியது. ஒரு திட்டத்தை மக்கள் விரும்பிப் பயன்படுத்துவதைச் செலவுப் பிரச்சினையாக மட்டும் பார்க்கும் நிதித் துறைகள் உலகமெங்கும் ஒரே மாதிரிதான் இருக்கும் போலும்.

விலை அதிகம் என்பது அடுத்த வாதம். கலிஃபோர்னியாவிலிருந்து லாரி லாரியாக வரும் கேரட்டைவிட, பக்கத்து ஊரில் பத்து ஏக்கரில் விளைந்த கேரட் விலை கூடுதல்தான். உணவு வங்கி நடத்துபவர்களில் சிலரும் இதைச் சொல்கிறார்கள்: அதே பணத்தில் இன்னும் அதிக எடை வாங்கலாமே என்று. எடையை மட்டும் அளவுகோலாக வைத்தால் அந்த வாதம் ஜெயிக்கும். ஆனால் இங்கே ஒரே பணம் இரண்டு வேலை செய்கிறது. மாநிலம் வாங்கியதால் ஒரு வட்டாரத்தில் காய்கறி சேகரிக்கும் மையம் வருகிறது, குளிர்பதன அறை வருகிறது, வண்டி ஓடுகிறது. பிறகு அதே மையம் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் கடைக்கும் விற்கலாம். இந்தக் கட்டமைப்பு இல்லாததால்தான் 2020-இல் ஒரு பக்கம் பால் கொட்டியது, மறுபக்கம் கார்கள் வரிசை கட்டின. கூடுதல் விலையில் ஒரு பகுதியை இந்தக் காப்பீட்டின் கட்டணம் என்று கணக்கில் எழுதிக்கொள்வதே நியாயம். அதற்காக உள்ளூர் என்ற சொல்லுக்கு இல்லாத மகிமையெல்லாம் ஏற்றிவிடக் கூடாது. பக்கத்தில் விளைந்தது என்பதாலேயே பூமிக்கு நல்லது என்ற பிரசாரம் மிகை. உணவு உற்பத்தியால் வரும் கார்பன் உமிழ்வில் போக்குவரத்தின் பங்கு சிறியது. டிசம்பர் மாதத்து மினசோட்டாவில் திறந்த வயலில் தக்காளி விளையாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே குளிர்காலத்துக்கு உருளை, பூசணி, வெங்காயம், முட்டைக்கோஸ், முட்டை, உறைய வைத்த இறைச்சி என்று வாங்கலாம். மீதிக்கு லாரி வரட்டும்.

கோவிட் காலத்து ஏற்பாடு, காலம் முடிந்தது, திட்டமும் முடிந்தது என்பது வேளாண் துறைத் தரப்பு வாதம். தொற்று முடிந்தது உண்மை. பசி முடியவில்லை. அதே துறையின் கணக்குப்படி, போதிய உணவு உறுதியில்லாத வீடுகளில் வாழ்ந்தவர்கள் 2023-இல் 4.74 கோடிப் பேர், வீடுகளில் 13.5 சதவீதம். 2021-இல் அது 10.2 சதவீதமாக இருந்தது. தொற்றுக்கால உதவிகள் ஒவ்வொன்றாக விலக விலக எண்ணிக்கை ஏறியது. இந்தக் கணக்கெடுப்பையே இனி நிறுத்தப்போவதாக 2025 செப்டம்பரில் துறை அறிவித்தது தனிக் கதை. அதே ஆண்டு நவம்பரில் அரசு முடங்கிக் கிடந்து ஸ்நாப் பணம் தாமதமானபோது, குடும்பங்கள் ஓடிய இடம் உணவு வங்கிதான். அந்த ஆண்டின் தொடக்கத்தில் எந்த அலமாரிகளுக்கான பணம் வெட்டப்பட்டதோ, அதே அலமாரிகளின் முன்னால் போய் நின்றார்கள்.

விவசாயிகளை அரசை நம்பியிருக்கப் பழக்குகிறீர்கள் என்ற குற்றச்சாட்டையும் அங்கே கேட்கலாம். சோளத்துக்கும் சோயாவுக்கும் பருத்திக்கும் ஆண்டுதோறும் பயிர்க் காப்பீட்டு மானியமும் விலை ஆதரவும் கொடுக்கும் நாட்டில் இதைக் காய்கறி விவசாயியிடம் மட்டும் சொல்வது வேடிக்கை. அதிலும் இங்கே அவர் மானியம் பெறவில்லை. பொருளைக் கொடுத்துக் காசு வாங்குகிறார். நம்ப வைத்துவிட்டு நடுவில் விலகியதுதான் அவரை உண்மையில் இக்கட்டில் விட்டது. குளிர்பதன அறைக்கு வாங்கிய கடனுக்கு, வேளாண் துறை கொள்கையை மாற்றிக்கொண்டது என்று வங்கியில் போய்ச் சொல்ல முடியாது.

ஆக, என்ன செய்யலாம்? நியூயார்க் போல மாநிலங்கள் தங்கள் சட்டத்தில், தங்கள் பணத்தில் இதை நிலைநிறுத்திக்கொள்வது உடனே முடிகிற காரியம்; பணக்கார மாநிலங்களுக்கு மட்டும். மிசிசிப்பி, அர்கன்சாஸ் போன்ற, பசி அதிகமும் வருவாய் குறைவுமான மாநிலங்களுக்குக் கூட்டாட்சிப் பணம் இல்லாமல் இது நடக்காது. 2025-இல் இரு கட்சி உறுப்பினர்களும் சேர்ந்து, உள்ளூர்க் கொள்முதலை நிரந்தரமாக்கும் மசோதாக்களைக் காங்கிரஸில் கொண்டுவந்தார்கள். அவற்றில் பார்க்க வேண்டியது தொகை மட்டுமல்ல. தொகை பல ஆண்டுகளுக்கானதா, அது குளிர்காலத்துக்கு முன்பே விவசாயிக்குத் தெரிந்துவிடுமா என்பதையும் பார்க்க வேண்டும். அரசைச் சட்டத்தால் இப்படிக் கட்ட முடியுமா என்று சந்தேகப்படுபவர்கள் பிரேசிலைப் பார்க்கலாம். பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்தைக் குடும்ப விவசாயிகளிடம் நேரடியாகச் செலவிட வேண்டும் என்று அந்த நாடு 2009-இல் சட்டம் போட்டது. அரசுகள் மாறின, வலதும் இடதும் வந்து போயின. அந்த விகிதம் நிலைத்து நின்றது. 2026 ஜனவரி முதல் அது 45 சதவீதம். அமெரிக்கக் கூட்டாட்சி உணவு உதவித் திட்டங்களில் இப்படி ஒரு கட்டாய விகிதம் கிடையாது. அதைச் சட்டத்தில் எழுத வைப்பதுதான் அங்குள்ள உழவர் சங்கங்களும் உணவு வங்கிகளும் ஒன்றாக நின்று கேட்க வேண்டிய முதல் கோரிக்கை.